லில்லியின் கிருத்திகை விரதம்

அன்று காலை பஞ்சாட்சரத்தின் தறி பாதியில் நின்றது. பாவில் இழை எதுவும் அறவில்லை; நாடாவுக்குள் இருக்கும் தாரில் சுற்றிய பட்டும் தீரவில்லை. தறிக்குழிக்குள் இறங்கிய முயல் வெளியே வர முடியாமல் இரண்டு மிதிபலகைகளுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டிருந்தது. மிதித்தால் முயலின் மேல்தான் மிதிக்க வேண்டும். அவர் இரண்டு கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் குறுக்கிழை ஓட்டும் நாடாவோடு சும்மா உட்கார்ந்திருந்தார்.

முயலுக்கு அந்தக் குழி பழக்கமான இடம். ஈரமண்ணின் குளிர்ச்சி அதற்குப் பிடிக்கும். முன்பெல்லாம் உள்ளே குதித்து, அவருடைய கால் பெருவிரலை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரே தாவலில் மேலே வந்துவிடும். இப்போது குதிக்க மட்டும் முடிந்தது. தாவ முடியவில்லை. முன்னங்கால்களைக் குழியின் விளிம்பில் வைத்து ஒருமுறை எம்பிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டது.

“வேணி, இங்க வந்து பாரு. உன் செல்லம் வழியை அடைச்சிக்கினு உக்காந்திருக்குது” என்று பஞ்சாட்சரம் குரல் கொடுத்தார்.

உள்ளறையில் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்சவேணி எழுந்து வந்தாள். அவள் மேலேயிருந்து இழுக்க, அவர் கீழேயிருந்து தள்ள, முயல் ஒருவழியாகத் தரைக்கு வந்து சேர்ந்தது. வந்ததும் எதுவும் நடவாததுபோல் அவள் புடவைக் கொசுவத்தை முகர்ந்தது. அவள் மடியில் எப்போதும் பொட்டுக்கடலையும் வெல்லமும் இருக்கும்.

லில்லி என்று அதற்குப் பெயர் வைத்தவள் அவர்களுடைய ஒரே மகள் வடிவாம்பாள். பள்ளிக்கூடத்தில் தனக்குப் பிடித்த டீச்சரின் பெயரை அந்த வெள்ளை முயலுக்கு வைத்தாள். போன ஆவணியில் அவளுக்குக் கல்யாணமாகி ஆரணிக்குப் போனாள். புக்ககத்தில் இரண்டு நாய்கள் இருந்ததால் முயலைக் கூட்டிக்கொண்டு போக வழியில்லை. பஸ்ஸில் ஏறும்போது, வைகாசிக் கருடசேவைக்கு வருவதாகவும், அதுவரை லில்லியை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

நன்றாகப் பார்த்துக்கொள்வது என்றால் அம்சவேணிக்கு ஒரே பொருள்தான். காலையில் சர்க்கரை தொட்ட இட்லி. மத்தியானம் நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோறு. மாலையில் வாழைப்பழம். இடையிடையே மடியிலிருந்து கடலை. மகளுக்குப் பரிமாறிய கை சும்மா இருக்கத் தெரியாமல் முயலுக்குப் பரிமாறியது. அதை யாரும் தப்பு என்று சொல்லமுடியாது.

அது மட்டும் என்றால்கூட லில்லி ஒருவேளை சமாளித்திருக்கும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெரு முழுக்கத் தறிக்காரர்கள் வீடு. தினமும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு கோவிலுக்குப் போய் வருவார். குமரகோட்டத்துப் பஞ்சாமிர்தம், கச்சபேசர் கோவில் சுண்டல், வெள்ளிக்கிழமை காமாட்சியம்மன் கோவில் சர்க்கரைப் பொங்கல் என்று எது வந்தாலும் வீட்டுக்கு வீடு ஒரு கை கொடுப்பது வழக்கம். சந்திரனுக்குள் ஒரு முயல் இருப்பதும், அந்தச் சந்திரன் ஈசன் சடையில் இருப்பதும் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே லில்லிக்கும் ஒரு கை தனியாக வந்தது. பிரதோஷத்தன்று இரண்டு கையாக வந்தது. சின்ன காஞ்சிபுரத்துக்குப் போனவர்கள் பெருமாள் கோவில் இட்லியை மந்தாரை இலையோடு கொண்டுவந்து கொடுத்தால், லில்லி இலையையும் சேர்த்துத் தின்றது. அதற்கு வாய்த்த உணவில் அந்த இலை ஒன்றுதான் முயலுக்கு ஏற்றது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

குழியில் அகப்பட்டதற்கு மறுநாள், மாசி மாதத்து இளவெயிலில், பஞ்சாட்சரம் லில்லியைப் பிரம்புக்கூடையில் வைத்து சைக்கிளில் கட்டிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே இருந்த டாக்டர் வீரபாகு திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அன்று அவர் முன்னால் இரண்டு எருதுகளும் ஒரு சினைப்பசுவும் நின்றன. கூடையைத் திறந்து பார்த்தவர், “முதலியாரே, இது முயலா, தலைகாணியா?” என்று கேட்டார்.

முயல் வைத்தியத்தைப் படித்ததோடு சரி, செய்து பார்த்ததில்லை என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். ஆனாலும் எருதுகளுக்குச் செலவழித்த நேரத்துக்குக் குறையாமல் லில்லியைப் பார்த்தார். தாடைக்குக் கீழே தொங்கிய சதையைத் தூக்கிப் பார்த்தார். பின்பக்கத்தைத் தன் நாவால் சுத்தம் செய்துகொள்ள முடியாமல் ரோமம் அழுக்காகிக் கிடந்ததைக் காட்டினார். கடைசியில் விலாவைத் தடவிக்கொண்டே சொன்னார்: “எலும்பு எங்க இருக்குன்னே கைக்குத் தட்டுப்படல. இந்த உடம்போட கத்திரி வெயில்ல இது பிழைக்காது. அதுக்குள்ள இளைக்கணும்.”

இட்லி, சோறு, வெல்லம், பழம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், புல் போட வேண்டும், ஓடவிட வேண்டும், எடை குறைகிறதா என்று அவ்வப்போது நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அவரிடமிருந்த தராசு தீவன மூட்டைக்கானது. அதில் லில்லியை வைத்தால் முள் அசையாது.

திரும்பும் வழியில் பஞ்சாட்சரம் நெசவாளர் சங்கத்தில் சைக்கிளை நிறுத்தினார். நெய்து முடித்த புடவைகளை நிறுத்து வாங்கும் தராசு அங்கே இருந்தது. எடை போடுகிற பழனி வேடிக்கையான ஆள். ஒரு தட்டில் லில்லியை வைத்துவிட்டு, மறுதட்டில் கல்யாணப் புடவைகளை ஒவ்வொன்றாக அடுக்கினான். ஐந்தாவது புடவையில்தான் முள் நேராக நின்றது.

“நல்லா கனமான சரக்குதான்பா. இதுல ஜரிகை எவ்ளோ, பட்டு எவ்ளோ?” என்றான். சங்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கனம் என்பது அந்த ஊரில் பெருமையான சொல். கனமாக இருந்தால்தான் நல்ல புடவை. எடை குறைந்தால் நெய்தவருக்குத் தலைகுனிவு. பஞ்சாட்சரத்துக்கும் ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து, லில்லியைத் தட்டிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது அவர் கைக்குத் தெரிந்தது.

அம்சவேணி எல்லாவற்றையும் கேட்டாள். அன்றே மடியிலிருந்த கடலையை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள். கருடசேவைக்கு மகள் வரும்போது லில்லி இல்லை என்று சொல்ல நேர்ந்தால் தன் வாயால் அதை எப்படிச் சொல்வது என்பதே அவளுக்குக் கவலை. முள்ளங்கி இலையும் அகத்திக்கீரையும் வாங்கிப் போட்டாள். லில்லி அவற்றை முகர்ந்துவிட்டு, இட்லி வரும் நேரத்துக்காக அடுப்படி வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது.

தன் கையை அடக்கிக்கொள்ள அவளால் முடிந்தது. தெருவின் கைகளை அடக்க முடியவில்லை.

முதல் சோதனை பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள். தெருக்கோடியில் இருக்கும் பிள்ளையாருக்குத் தினமும் மாலை கட்டிப் போடுவது அவள் ஏற்றுக்கொண்ட தொண்டு. அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். அம்சவேணி தயங்கித் தயங்கி, டாக்டர் சொன்னதைச் சொல்லி, லில்லிக்கு வேண்டாம் என்றாள்.

தில்லையம்மாள் நீட்டிய இலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “சாமி பிரசாதம் வியாதி குடுக்கும்னு எந்த டாக்டர் சொன்னாரு?” என்றாள்.

“பிரசாதத்தைச் சொல்லலக்கா. வெல்லத்தைச் சொன்னாரு.”

“வெல்லம் வேற, பிரசாதம் வேறயா? சந்நிதில வச்சப்பறம் அது வெறும் வெல்லமா? இத்தினி நாளு என் கையால துன்னுக்கினு இருந்துது. இப்ப என் கை ஆவாதுன்னு சொல்லிட்டுப் போ.”

இலையை மடித்துக்கொண்டு போனவள்தான். அதற்குப் பிறகு குழாயடியில் பார்த்தாலும் குடத்தைப் பார்த்தாளே தவிர அம்சவேணியைப் பார்க்கவில்லை.

அதிலிருந்து அம்சவேணிக்கு மற்றவர்களிடம் வேண்டாம் என்று சொல்லப் பயமாகிவிட்டது. யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிரசாதத்தை எறிய முடியாது; மாட்டுக்குப் போடவும் மனம் வராது. லில்லியின் பங்கை அவளே தின்றாள். மாசி முடிந்து பங்குனி பிறந்தபோது அவளுடைய ரவிக்கை கையில் பிடித்தது. லில்லியோ, அவள் கண்ணில் படாமல் வாசலில் குழந்தைகள் ஊட்டியதைத் தின்று, இருந்த எடையிலேயே இருந்தது. ஒருத்தி இளைக்க வேண்டியதற்கு இன்னொருத்தி பருத்துக்கொண்டிருப்பதாகப் பஞ்சாட்சரம் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பங்குனிக் கிருத்திகை வந்தது. அன்று குமரகோட்டத்தில் கூட்டம் நெரியும். வீட்டுக்கு வீடு பஞ்சாமிர்தம் வரும். அம்சவேணி கிருத்திகைதோறும் விரதம் இருப்பவள். சூரியோதயம் முதல் மறுநாள் காலைவரை தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டாள். குளித்துவிட்டு விபூதி இட்டுக்கொள்ளும்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் தோன்றியது. விரதம் இருப்பவருக்கு எதிரே யாரும் இலையை நீட்டமாட்டார்கள். ஒருவருடைய விரதத்தைக் கலைத்த பாவத்தை ஏற்க அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.

லில்லியின் நெற்றியில் ஒரு கோடு விபூதி பூசினாள். முதலில் வந்தவரிடம், லில்லியும் இன்று கிருத்திகை விரதம் என்று சொன்னாள்.

சொன்னது மந்திரம்போல் பலித்தது. நீட்டிய கைகள் எல்லாம் பின்வாங்கின. யாருக்கும் வருத்தமில்லை, மாறாக மரியாதை வந்தது. நான்கு கால் ஜீவனுக்கு இருக்கும் பக்தி தங்கள் வீட்டு ஆண்களுக்கு இல்லையே என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் அடுத்த தெருவிலிருந்துகூட விரதமிருக்கும் முயலைப் பார்க்க ஆள் வந்தது. ஒரு கிழவர் லில்லியின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்சவேணி பொய் சொல்லாதவள். அதிலும் முருகன் பெயரைச் சொல்லிவிட்டு ஏமாற்ற அவளுக்குத் துணிவில்லை. விரதம் என்று சொன்ன பிறகு அது விரதமாகவே இருக்கவேண்டும். முயலின் முன்னால் இருந்த கீரைத்தண்டையும் எடுத்துவிட்டாள். தண்ணீர் மட்டும் வைத்தாள். தனக்குச் செய்ததையே லில்லிக்கும் செய்தாள். ஒரு நாள் வயிற்றைக் காயப்போட்டால் உடம்புக்கு நல்லதுதான் என்றும், முருகனே அதன் கொழுப்பைக் கரைத்துவிடுவான் என்றும் நம்பினாள்.

மறுநாள் காலையில் வீட்டைப் பெருக்கும்போது தரை சுத்தமாக இருந்தது. தினமும் மூலைக்கு மூலை மிளகு சிந்தியதுபோல் கிடக்கும் லில்லியின் புழுக்கைகள் ஒன்றுகூட இல்லை. விரதத்தின் பலனைப் பார் என்று மகிழ்ச்சியோடு புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். பஞ்சாட்சரம் தரையைப் பார்த்தார். பிறகு மூலையில் முதுகைக் கூனி, காதுகளைப் பின்னால் மடித்து, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்த லில்லியைப் பார்த்தார். முள்ளங்கி இலையை நீட்டினார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொத்தமல்லியை நீட்டினார். அசையவில்லை. அம்சவேணி டப்பாவைத் திறந்து வெல்லத்தை எடுத்து வந்தாள். வெல்லத்தைக்கூட அது பார்க்கவில்லை.

அப்போதுதான் அவள் பயந்தாள்.

ஆஸ்பத்திரியில் வீரபாகு லில்லியின் வயிற்றில் காதை வைத்தே கேட்டார். பஞ்சாட்சரம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. முயலுக்கு வயிறு ஒருபோதும் காலியாக இருக்கக்கூடாது என்றும், தீனி உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் குடல் ஓடும் என்றும் அன்றைக்கே விளக்கிச் சொல்லாதது தன் தப்பு என்றார். “நம்ம விரதத்தை நாமதான் இருக்கணும், முதலியாரே. அதுக்குச் சாமி வேற விதி வச்சிருக்கான். இளைக்கணும்னா நல்ல தீனியை நிறையத் தின்னுதான் அது இளைக்கணும்” என்றார்.

வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். வயிற்றை மெதுவாகத் தடவிவிட வேண்டும். இரண்டு அடியாவது நடக்கவைக்க வேண்டும். இளசான புல்லாகப் பார்த்து வாயருகே வைக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் ஒரு வாயாவது தின்றுவிட்டால் பிழைத்துக்கொள்ளும். பஞ்சாட்சரம் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

பங்குனி வெயிலில் ஊரைச் சுற்றியிருந்த புல்லெல்லாம் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. வேகவதி ஆற்றங்கரையில் பறித்து வந்த நாலு தழையையும் லில்லி தொடவில்லை. அம்சவேணி அதை மடியில் போட்டு, விரல் நுனியால் வயிற்றைத் தடவிக்கொண்டு, வாய்க்குள் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தாள். பஞ்சாட்சரம் தறியில் உட்காரவில்லை.

பக்கத்து வீட்டில் தில்லையம்மாள் பிள்ளையாருக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப்புறம் நாளெல்லாம் கேட்கும் தறியோசையோடுதான் அவள் கை நகரும். அன்று ஓசை இல்லாததால் கை தடுமாறியது. பஞ்சாட்சரம் வீட்டில் சாவு விழுந்தாலொழிய நாள் முழுக்கத் தறி நிற்காது என்று தெருவுக்கே தெரியும். கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கோபத்தை அங்கேயே வைத்துவிட்டு, கட்டி முடித்த மாலையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, கோவிலுக்குப் போகிறவளைப்போல் இறங்கி அவர்கள் வீட்டு வாசலில் நின்றாள்.

“இன்னாடி வேணி, தறி நின்னுக்கினு இருக்குது?”

அத்தனை நாள் பேசாதவளின் குரலைக் கேட்டதும் அம்சவேணிக்கு அழுகை வந்துவிட்டது. பிரசாதத்தைத் தடுக்க வழி தெரியாமல் விரதம் என்று சொன்னதையும், அது இப்படி முடிந்ததையும் அழுதுகொண்டே சொன்னாள். தில்லையம்மாள் உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையிலிருந்த மாலையோடு குனிந்து லில்லியின் முகத்தைப் பார்த்தாள்.

அது அருகம்புல் மாலை. கூரம் கிராமத்திலிருந்து அங்கம்மாள் என்ற பெண் ஏரிக்கால் ஓரத்து ஈரத்தில் பறித்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கோவில் வாசலில் விற்கும் புல். அன்று காலையில் பறித்தது. தண்ணீர் தெளித்து வைத்திருந்ததால் நுனிகள் பச்சையாக, ஈரமாக இருந்தன.

லில்லியின் மூக்கு அசைந்தது.

முதலில் மூக்கு மட்டும்தான். பிறகு காது ஒன்று நிமிர்ந்தது. கழுத்தை மெல்ல நீட்டி, தில்லையம்மாளின் கையில் தொங்கிய மாலையிலிருந்து ஒரே ஒரு புல்லைப் பல்லால் பிடித்து இழுத்தது. அம்சவேணி பதறிப்போய் அதன் தலையை இழுக்கப் போனாள். பிள்ளையாருக்குக் கட்டிய மாலை. இன்னும் சாத்தாத மாலை. அதில் ஒரு மிருகம் வாய் வைக்கலாமா?

தில்லையம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இரு வேணி, துன்னட்டும். எலிக்கு முதுகு குடுத்த... இல்ல, எலி முதுகுல ஏறிக்கினவரு. இதுக்குப் பசிக்கும்னு அவருக்குத் தெரியாதா? ஒரு நாளு மாலை இல்லாம நிப்பாரு, ஒண்ணும் ஆவாது.”

பதற்றத்தில் சொல் புரண்டதற்கு அவளே சிரித்துவிட்டாள். அம்சவேணி அழுகையோடு சிரித்தாள். லில்லி அந்த ஒரு புல்லை வாய்க்குள் இழுத்து இழுத்து, வெகுநேரம் மென்றது. மூன்று பேரும் அதன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது விழுங்கியபின் இரண்டாவது புல்லைப் பிடித்தது. தில்லையம்மாள் கை வலித்தும் மாலையை இறக்கவில்லை. மாலையில் கால்பங்கு தீர்ந்தபோது லில்லி மடியிலிருந்து இறங்கி, நான்கு தாவல் தாவி, மூலையில் போய் உட்கார்ந்தது. சற்றுப் பொறுத்து அங்கே மிளகுபோல் இரண்டு மூன்று உருண்டைகள் விழுந்தன. அவற்றைப் பார்த்து அம்சவேணி கையெடுத்துக் கும்பிட்டாள். இனி எத்தனை போட்டாலும் முகம் சுளிக்காமல் பெருக்குவேன் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டாள்.

மிச்சமிருந்த மாலையைத் தில்லையம்மாள் தண்ணீரில் அலசி, மறுபடி முடிச்சுப் போட்டாள். பிறகு யோசித்து, அதையும் லில்லியிடமே வைத்துவிட்டு, வெறுங்கையோடு பிள்ளையாரிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாளிலிருந்து பிள்ளையாருக்கு இரண்டு மாலை கட்டினாள். முதல் நாள் சாத்திய மாலையைக் களைந்து எடுத்ததும் நேரே லில்லிக்குக் கொண்டுவந்தாள். பிரசாதம் கொடுக்கும் ஆசையும் தீர்ந்தது. டாக்டர் சொன்ன தீனியும் ஆயிற்று. சந்நிதியில் வைத்தது எல்லாம் பிரசாதம்தான், புல்லும் பிரசாதம்தான் என்று அவளே தெருவில் சொல்லிக்கொண்டு வந்தபோது அதற்கு எதிர்ப்பேச்சு இல்லை. சர்க்கரைப் பொங்கல் கொடுத்த கைகள் எல்லாம் இப்போது புல்லைத் தேடின. ஏரிப் பக்கம் போனவர்கள் மடி நிறையப் பறித்து வந்தார்கள். விஷயம் கேட்ட அங்கம்மாள் சாமி புல்லோடு சேர்த்து ஒரு பிடி கூடவே வைத்துக் கட்டினாள். அந்தப் பிடி முருகனுக்கு விரதமிருந்த முயலுக்கு என்றாள். அந்த விரதத்தால் வந்த வினையை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

விரதத்துக்குப் பிறகு பயத்தில் அம்சவேணி மறுபடி கொடுக்கத் தொடங்கிய இட்லி ஒரே நாளில் நின்றுவிடவில்லை. எதையும் திடீரென்று நிறுத்த வேண்டாம் என்று டாக்டர் இந்தத் தடவை சொன்னதால், அவள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். முதலில் ஒரு விள்ளல், பிறகு அரை விள்ளல், பிறகு இட்லி வேகும் வாசனை மட்டும். லில்லி சில நாள் அடுப்படி வாசலில் அவளை முறைத்தபடி உட்கார்ந்திருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பாமலே சமைத்தாள். வேண்டும் என்று கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்வதும் சில நேரம் ஒரு சேவைதான். ஆனால் கொடுப்பதைவிட அது கடினம்.

ஓடவிடுவதற்கும் ஒரு வழி கிடைத்தது. விடியற்காலையில் தெருவில் பாவு விரிப்பார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டு இழைகளை இடுப்புயரத்தில் நீட்டிக் கட்டிக் கஞ்சி தோய்த்து உலரவிடுவார்கள். அந்த இழைப் பந்தலுக்குக் கீழே காக்கையும் பருந்தும் நுழையாது. பஞ்சாட்சரம் பாவை நீவிக்கொண்டே ஒரு கொத்தமல்லித் தண்டைக் கீழே பிடித்துக்கொண்டு நடப்பார். அவர் பின்னாலேயே லில்லி பாவின் நிழலில் தாவித் தாவி வரும். முதல் வாரம் பாதி வழியில் படுத்துக்கொண்டது. தெரு நாய்கள் வந்தால் இரண்டு பக்கமும் நிற்கும் ஆண்கள் விரட்டினார்கள். சித்திரை பிறந்தபோது அது அவருக்கு முன்னால் ஓடிப்போய்க் கோடியில் காத்திருந்தது.

ஒரு நாள் சங்கத்துக்குப் புடவை கொண்டுபோனவர் கூடையையும் எடுத்துப்போனார். பழனி மறுபடி புடவைகளை அடுக்கினான். நாலாவதை வைத்ததும் லில்லி மேலே போய்விட்டது. அவன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, “எடை குறைச்சல். இத சங்கத்துல வாங்க மாட்டோம், எடுத்துக்கினு போ” என்றான். எடை குறைந்து திருப்பி அனுப்பப்பட்டதற்காகத் தறிக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனது அந்தச் சங்கத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கத்திரி வந்தது. தெருவில் கால் வைக்க முடியவில்லை. அம்சவேணி தறிக்குழியின் மண்ணில் காலையும் மத்தியானமும் தண்ணீர் தெளித்தாள். லில்லி அதில் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொண்டது. மூச்சு சீராக இருந்தது. பஞ்சாட்சரம் மிதிக்க வரும்போது காலால் மெல்லத் தொட்டால் போதும். ஒரே தாவலில் மேலே ஏறிவிடும். முதல் தடவை அது அப்படி ஏறியபோது அவர் நாடாவை எறிய மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கருடசேவைக்கு முதல் நாள் வடிவாம்பாள் வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் லில்லியைத் தேடினாள். தறிக்குழியிலிருந்து தாவி வந்து காலைச் சுற்றிய முயலைத் தூக்கியதும் அவள் முகம் வாடியது.

“இன்னாமா இது, பாதியா இளைச்சிப் போயிருக்குது? நான் இல்லன்னு இதுக்குச் சோறே போடலையா?”

அம்சவேணி வாயைத் திறப்பதற்குள் வாசலில் புல்மாலையோடு வந்து நின்ற தில்லையம்மாள் பதில் சொன்னாள். “சோறு போட்டதுதான்டி தப்பா பூட்டுது. உங்கம்மா போட்டா, நான் போட்டேன், தெருவே போட்டுச்சு. அப்பறம் பிள்ளையாரு வந்துதான் புல்லு போட்டாரு.”

வடிவாம்பாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அது போகட்டும் என்று பையைத் திறந்து, லில்லிக்காகவே ஆரணியிலிருந்து வாங்கி வந்த லட்டுப் பொட்டலத்தை எடுத்தாள். லில்லியின் மூக்கு உடனே அந்தப் பக்கம் திரும்பியது. அது லட்டை மறந்திருக்கவில்லை.

மூன்று பெரியவர்களும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். பஞ்சாட்சரம் ஒன்று, தில்லையம்மாள் ஒன்று, அம்சவேணி ஒன்று என்று எடுத்து, பேசாமல் வாயில் போட்டுக்கொண்டார்கள். மிச்சத்தை அம்சவேணி டப்பாவில் வைத்து மூடினாள். பிறகு லில்லியை மகளின் கையிலிருந்து வாங்கித் தரையில் விட்டு, தில்லையம்மாளிடமிருந்த மாலையை மகளிடம் கொடுத்து, ஊட்டும்படி சொன்னாள்.

வடிவாம்பாள் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு புல்லாக உருவி நீட்டினாள். லில்லி பசியோடு தின்றது. உள்ளே தறி ஓடத் தொடங்கியது.